கருப்பையில் வேர், இதயத்தில் தலை



இன்றைய சொற்பொழிவின் பொருள், கருப்பையில் தோன்றும் நார்த்திசுக்கட்டி, அதாவது மக்கள் வழக்கில் ஃபைப்ராய்டு என்று சொல்லப்படும் கட்டி, சிரைகளின் வழியே ஏறி இதயத்துக்குள் நுழைந்துவிடும் அரிய நோயும் அதற்குரிய அறுவை மருத்துவமும் ஆகும். கருப்பை எங்கே, இதயம் எங்கே? ஒன்று இடுப்புக்குழியின் அடியில் இருக்கிறது, மற்றொன்று நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது; ஒன்றை மகளிர் மருத்துவர் பார்க்கிறார், மற்றொன்றை இதய மருத்துவர் பார்க்கிறார். அவ்விரண்டையும் ஒரே கட்டி இணைத்துவிடும்போது அந்தப் பெண்ணை யார் பார்ப்பது, எங்கே கத்தி வைப்பது, எதை முதலில் எடுப்பது? விடையின் சாரத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். இதயத்தில் தெரிகிற இந்தக் கட்டி இதய நோய் அன்று, கருப்பையின் நோய். ஆகவே இதயத்தைத் திறப்பதோடு இதன் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை, இதயத்திலிருந்து தொடங்குவதும் இல்லை. கருப்பையில் முன்பு கட்டி இருந்ததா, அதற்காக ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று இதயப் பிரிவில் கேட்கப்படும் கேள்வியிலிருந்தே அது தொடங்குகிறது.

அச்சம் ஊட்டுவது இவ்வுரையின் நோக்கம் அன்று என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். இந்த அவையில் அமர்ந்திருக்கும் பெண்களில் பலருக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு இருக்கலாம். ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்களும் இருக்கலாம். ஐம்பது வயதை நெருங்கும் பெண்களை அல்ட்ராசவுண்டு மூலம் ஆராய்ந்தவர்கள், அவர்களில் பெரும்பாலோரிடம் இக்கட்டி ஏதேனும் ஓர் அளவில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் மிகப் பல எந்தத் தொல்லையும் தராமல் இருந்து, மாதவிடாய் நின்றபின் சுருங்கிப்போகின்றன. சிரைக்குள் புகுந்து வளரும் வகையோ, நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட மருத்துவ இலக்கியம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் சில நூறு பேரிடமே பதிவாகியிருக்கிறது. அவர்களிலும் ஒரு பகுதியினரிடம் மட்டுமே அது இதயத்தை எட்டியிருக்கிறது.

அவ்வளவு அரிய நோயைப் பற்றி ஒரு பொது அவையில் ஏன் பேச வேண்டும்? அரிதாக வருவதால்தான் அது அடையாளம் தெரியாமல் போகிறது. அடையாளம் தெரியாமல் போவதால்தான் அரைகுறையாக அறுக்கப்படுகிறது. அரைகுறையாக அறுக்கப்படுவதால்தான் மீண்டும் வளர்ந்து வருகிறது. முழுவதும் அகற்றப்பட்டால் அந்தப் பெண் நெடுங்காலம் நலமாக வாழ முடியும் என்பதால், இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது என்பதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் கட்டியின் இயல்பைக் காண்போர், கருப்பைச் சுவரின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். அச்சுவர் வரியற்ற தசையால், அதாவது மனிதர் தம் விருப்பப்படி அசைக்க இயலாமல் தானே சுருங்கி விரியும் தசையால் ஆனது. அத்தசையின் ஓர் உயிரணு தன் கட்டுப்பாட்டை இழந்து பெருகி, நார்த்திசுவோடு கலந்து உருண்டு திரள்வதே ஃபைப்ராய்டு. அது புற்றுநோய் அன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மைச் சுரப்புகளால் ஊட்டம் பெறுவதாதலால், மாதவிடாய் நிகழும் பருவத்தில் வளர்வதும் பின்னர் அடங்குவதும் அதன் வழக்கம். பொதுவாக அது கருப்பையின் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆனால் மிகச் சிலரிடம் அதே தசைத்திசு, கருப்பையைச் சுற்றியுள்ள சிரைகளின் உட்புழைக்குள் நுழைந்து, இரத்தம் ஓடும் திசையிலேயே நீண்டுகொண்டு போகிறது. இந்த நிலைக்குச் சிரைவழித் தசைக்கட்டிப் பெருக்கம் என்று பெயர் சொல்லலாம். மருத்துவர்கள் இதனை இன்ட்ராவீனஸ் லியோமயோமட்டோசிஸ் என்பர்.

இந்நோயை முதன்முதலில் எழுதி வைத்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நோய்க்கூறியல் அறிஞர் பிர்ஷ்-ஹிர்ஷ்ஃபெல்டு, ஆண்டு 1896. சிரைக்குள் தசைக்கட்டி எப்படி வந்தது என்பதைக் குறித்து அடுத்த சில ஆண்டுகளிலேயே இரு கருத்துகள் எழுந்தன. சிரையின் சுவரிலும் வரியற்ற தசை உண்டாதலால், கட்டி அங்கேயே பிறக்கிறது என்றார் 1903இல் க்னாவர். கருப்பையில் முன்பே உள்ள ஃபைப்ராய்டுதான் பக்கத்துச் சிரையைத் துளைத்து உள்ளே புகுகிறது என்றார் 1911இல் சிட்சென்ஃப்ரை. இவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை என்றாலும், நோயுற்ற பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கருப்பையில் கட்டி இருப்பதோ முன்பு இருந்து அகற்றப்பட்டதோ தெரியவருவதால், இரண்டாம் கருத்துக்கே வலிமை கூடுதல் என்று கொள்ளலாம். மரபணு ஆய்வுகளும் ஒரு செய்தியைச் சேர்த்திருக்கின்றன: பன்னிரண்டாம், பதினான்காம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் மாற்றம், சில ஃபைப்ராய்டுகளில் காணப்படுவது போலவே சிரைக்குள் வளர்ந்த கட்டிகளிலும் கண்டறியப்பட்டுள்ளது.

இனி அக்கட்டி செல்லும் வழியைக் காண வேண்டும். ஏனெனில் அறுவை மருத்துவரின் கத்தியும் அதே வழியில்தான் செல்லப்போகிறது. கருப்பையிலிருந்து இரத்தம் திரும்பும் பாதைகள் இரண்டு. முதலாவது, கருப்பைச் சிரை வழியே உள் இடுப்புச் சிரைக்கும், அங்கிருந்து பொது இடுப்புச் சிரைக்கும், அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்கும் செல்லும் பாதை. இரண்டாவது, சினைப்பைச் சிரை வழியே செல்லும் பாதை. வலப்பக்கத்துச் சினைப்பைச் சிரை நேராகவே கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கிறது, இடப்பக்கத்துச் சிரையோ இடது சிறுநீரகச் சிரையில் கலந்து, அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. கீழ்ப்பெருஞ்சிரை என்பது கால்கள், இடுப்பு, வயிறு ஆகியவற்றின் இரத்தம் முழுவதையும் இதயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெருங்குழாய். ஏறத்தாழ ஒரு சாண் நீளமே உடையது. முதுகெலும்பை ஒட்டி மேலேறி, கல்லீரலின் பின்புறமாக நுழைந்து, உதரவிதானத்தைக் கடந்தவுடன் இதயத்தின் வலது மேலறையில் திறந்துகொள்கிறது. கொல்லையில் வேர்விட்ட சுரைக்கொடி வேலி தாண்டி, அண்டை வீட்டுக் கூரைமேல் ஏறிக் காய்த்துத் தொங்குவதுபோல, இடுப்புக்குழியில் பிறந்த கட்டி அந்த ஒரு சாண் தொலைவைக் கடந்து வலது மேலறைக்குள் தலை நீட்டுகிறது. கூரைமேல் தெரியும் காயைக் கண்டவர் அது அந்த வீட்டுக் கொடி என்றே எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் காயை மட்டும் பறித்தால் கொடி நிற்குமா?

இங்கே ஓர் அருமையான உண்மையைக் கவனிக்க வேண்டும். இரத்தக் குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான மென்படலம், உள்ளே நுழைந்த கட்டியின் மேற்பரப்பையும் பெரும்பாலும் போர்த்திவிடுகிறது. அதனால் கட்டி தான் புறப்பட்ட இடத்தில் மட்டும் இறுகப் பற்றியிருக்க, மற்ற இடங்களில் சிரைச் சுவரோடு ஒட்டாமல் இரத்த ஓட்டத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. வெண்மையும் சாம்பலும் கலந்த நிறம், ரப்பர் போன்ற உறுதி, வழுவழுப்பான மேற்பரப்பு ஆகியவையே அதன் தோற்றம். எல்லா நோயாளிகளிடமும் இந்த விடுதலை கிடைப்பதில்லை. சிலரிடம் இடையிலும் ஒட்டியிருக்கும். எனினும் பெரும்பாலோரிடம் அது ஒட்டாமல் இருப்பதால்தான், இதயத்திலிருந்து இடுப்பு வரை நீண்ட ஒரு கட்டியை உருவி எடுப்பது என்பது மனிதக் கைக்கு இயலும் செயலாயிற்று.

இதயத்துக்குள் நுழைந்த கட்டி அங்கே என்ன செய்கிறது? வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் இடையே மூவிதழ் வால்வு என்னும் கதவு இருக்கிறது. இதயம் விரியும்போது அக்கதவு திறந்து இரத்தம் கீழே இறங்க வேண்டும். கட்டியின் நுனி இரத்தத்தோடு சேர்ந்து அக்கதவின் நடுவே வந்து விழுந்தால் வழி அடைபடுகிறது. பகுதி அடைபட்டால் மூச்சுத் திணறலும் படபடப்பும் வருகின்றன. திடீரென முழுவதும் அடைபட்டால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து மயங்கி விழ நேர்கிறது. அடைப்பு விலகாவிட்டால் அந்தக் கணமே உயிரும் போகக்கூடும். இதயத்துக்குள் நுழைய முடியாத இரத்தம் பின்னால் தேங்குவதால் கால்கள் வீங்குகின்றன, கல்லீரல் பெருக்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. சிலரிடம் நுனி இன்னும் முன்னேறி வலது கீழறையைத் தாண்டி நுரையீரல் தமனி வரையிலும் எட்டியிருக்கிறது. வேறு சிலரிடம் எந்த அறிகுறியும் இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த எக்கோவில், அதாவது ஒலியலைகளால் இதயத்தைக் காட்டும் படத்தில், தற்செயலாகத் தெரியவந்திருக்கிறது.

இத்தகைய பெண்ணின் பயணத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாற்பதுகளில் இருப்பவர். சில ஆண்டுகளுக்கு முன், சிலரிடம் பத்து ஆண்டுகளுக்கும் முன், ஃபைப்ராய்டுக்காகக் கருப்பையை எடுத்தவர் அல்லது கட்டியை மட்டும் எடுத்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, ஒருமுறை மயங்கி விழுந்துவிட்டார். இதய மருத்துவர் எக்கோ பார்க்கிறார். வலது மேலறையில் ஒரு கட்டி அசைகிறது. அது என்னவாக இருக்கும்? இதயக் கட்டிகளில் அதிகம் அறியப்பட்ட மிக்ஸோமா என்று முதலில் தோன்றும். அல்லது உறைந்த இரத்தக் கட்டி என்று தோன்றும். இரத்தக்கட்டி என்று எண்ணி இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் தசைக்கட்டி அதனால் கரையப்போவதில்லை, நாள்கள்தாம் கரையும். மிக்ஸோமா என்று எண்ணி நெஞ்சைத் திறந்தால், மேலறையைப் பிளந்து பார்த்த மருத்துவருக்கு அக்கட்டி இதயச் சுவரில் எங்குமே வேர்கொள்ளாமல், கீழ்ப்பெருஞ்சிரையின் வாயிலுக்குள் இருந்து புறப்பட்டு வருவது தெரிகிறது. அப்போதுதான், அறுவை மேசையின் மேல், அந்தப் பெண்ணின் பழைய ஆபரேஷன் தழும்புக்குப் பொருள் விளங்குகிறது.

மிக்ஸோமா பெரும்பாலும் இடது மேலறையில், அறைகளைப் பிரிக்கும் சுவரில் காம்பு கொண்டு நிற்பது. ஆகவே வலது மேலறையில், அதுவும் கீழ்ப்பெருஞ்சிரையோடு தொடர்ச்சி கொண்டு ஒரு கட்டி தெரியுமானால், எக்கோ எடுப்பவரின் கை அங்கேயே நின்றுவிடக் கூடாது. வயிற்றை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். சிறுநீரகப் புற்று, கல்லீரல் புற்று, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் புற்று ஆகியவையும் இதே பெருஞ்சிரை வழியாக இதயத்துக்கு ஏறக்கூடியவை. சிரைச் சுவரிலேயே பிறக்கும் தசைப்புற்றும் உண்டு. இவற்றையெல்லாம் பிரித்தறிய, சிரைகளுக்குள் மருந்து பரவும் நேரம் பார்த்து எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதயத்திலிருந்து இடுப்பு வரை ஒரே தொடர்ச்சியாக எடுக்கப்பட வேண்டும். நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் என்று தனித்தனியே, தனித்தனி மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தால், இரு படங்களிலும் இருப்பது ஒரே கட்டி என்பதை யார் காண்பார்?

இந்நோய் இதயம் வரை செல்லும் என்பதை மருத்துவ உலகம் முதலில் அறிந்தது 1907ஆம் ஆண்டில். மியூனிக் மருத்துவ வார இதழில், கருப்பையின் நார்த்தசைக்கட்டி கீழ்ப்பெருஞ்சிரை வழியே அறுபடாமல் இதயத்துக்குள் வளர்ந்திருந்ததை நோய்க்கூறியல் அறிஞர் டூர்க் எழுதினார். அன்று அறிவு இருந்தது, வழி இல்லை. இதயத்தைத் திறப்பதற்கு இதயத்தின் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அப்படியொன்று உலகில் அன்று இல்லை.

அந்த வழியைத் திறந்தவரின் வரலாறு இந்நோயோடு நெருங்கிய உறவு உடையது. 1930களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்னும் இளம் மருத்துவர், நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் படுக்கையருகே இரவெல்லாம் காவல் இருக்க நேர்ந்தது. அடைபட்ட அந்த இரத்தத்தை வெளியே எடுத்து, அதில் ஆக்சிஜனைக் கலந்து, தமனிக்குத் திருப்பி அனுப்ப முடியுமானால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றலாமே என்னும் எண்ணம் அவருக்கு அன்றிரவு தோன்றியது, அப்பெண் இறந்துபோனார், எண்ணம் இறக்கவில்லை. மனைவி மேரியும் உடனிருந்து உழைக்க, இடையில் உலகப்போரும் வந்து போக, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1953 மே 6ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில், இதயத்தின் மேலறைச் சுவரில் பிறவித் துளை கொண்ட பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்கு இதய-நுரையீரல் இயந்திரத்தை இணைத்து, 26 நிமிடங்கள் அவருடைய இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் முழுவதுமாக அவ்வியந்திரமே செய்ய, கிப்பன் அத்துளையைத் தைத்து மூடினார். அதே 1953இன் அக்டோபரில், ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாரும் ஒலியலைகளைக் கொண்டு துடிக்கும் இதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். இன்றைய எக்கோவின் தொடக்கம் அதுவே. இதயத்தைத் திறந்து வேலை செய்யும் வழியும், திறக்காமலே பார்க்கும் வழியும் ஒரே ஆண்டில் பிறந்தன. இவ்விரண்டும் கைகூடிய பிறகே இந்த நோய்க்கு அறுவை மருத்துவம் சாத்தியமாயிற்று: 1974இல் மேண்டல்பாம் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து ஏறி மூவிதழ் வால்வை அடைத்திருந்த தசைக்கட்டியை அகற்றிய செய்தியை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே நாரிஸ், பார்ம்லி என்னும் இருவர் 14 பெண்களின் நோய்க்கூறுகளை ஒருசேர ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, இந்நோயின் இலக்கணத்தை வகுத்துத் தந்தது.

இப்போது அறுவை அரங்குக்குள் நுழைவோர் காணும் காட்சிக்கு வரலாம். நெஞ்செலும்பை நடுவே பிளந்து ஒரு குழு நிற்கிறது. வயிற்றை நீளத் திறந்து மற்றொரு குழு நிற்கிறது. தலைமாட்டில் மயக்க மருத்துவர், உணவுக்குழாய் வழியே செலுத்திய எக்கோ கருவியால் இதயத்தின் உள்ளே நிகழ்வதைத் திரையில் பார்த்தவண்ணம் இருக்கிறார். இயந்திரத்தை இணைக்க வேண்டுமானால் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்தை மிகுதியாகக் கொடுக்க வேண்டும். அம்மருந்து உள்ளே சென்றபின் இடுப்புக்குழியில் அறுத்த இடமெல்லாம் இரத்தம் கசியும். ஆதலால் கருப்பையையும் அதைச் சூழ்ந்த கட்டிகளையும் விடுவிக்கும் வேலையை, ஹெப்பாரின் கொடுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளும் குழுக்கள் பல. இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமாக இரத்தத்தை இயந்திரத்துக்கு எடுக்கும் குழாய்களுள் ஒன்றை மேற்பெருஞ்சிரையிலும் மற்றொன்றைக் கீழ்ப்பெருஞ்சிரையிலும் வைப்பார்கள். இங்கோ கீழ்ப்பெருஞ்சிரையைக் கட்டியே நிரப்பிக்கொண்டிருக்கிறது. குழாய் எங்கே நுழையும், நுழைக்கும்போது கட்டியின் துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போய்விடாதா என்பதையெல்லாம் முன்கூட்டியே ஸ்கேன் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும்.

கட்டி பெரிதாகவும் பல இடங்களில் ஒட்டியும் இருக்குமானால், உடலை 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்திவிடுகிறார்கள். குளிரில் மூளையின் ஆக்சிஜன் தேவை மிகவும் குறைந்துவிடுவதால் ஏறத்தாழ அரைமணி நேரம் அது தாங்கும். அந்த அரைமணி நேரத்தில், இரத்தமே இல்லாத தெளிவான களத்தில், வலது மேலறையும் கீழ்ப்பெருஞ்சிரையும் திறக்கப்படுகின்றன. எல்லோருக்கும் இவ்வளவு ஆழமான குளிரும் நிறுத்தமும் தேவைப்படுவதில்லை; பலருக்கு இயந்திரத்தின் துணை மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

மேலே நிற்பவர் மேலறைக்குள் விரலைவிட்டுக் கட்டியைச் சுற்றி வருகிறார்: சுவரில் எங்கேனும் ஒட்டியிருக்கிறதா, வால்வின் இதழ்களிலோ அவற்றைப் பிடித்திருக்கும் மெல்லிய நாண்களிலோ சிக்கியிருக்கிறதா? கீழே நிற்பவர் பெருஞ்சிரையின் வெளியிலிருந்து தடவிப் பார்த்து, கட்டியின் பருமனை உணர்கிறார். எந்தப் பக்கம் இழுப்பது? இதயத்துக்குள் இருக்கும் முனை பருத்து உருண்டிருந்தால் அதைக் குறுகிய சிரை வழியாகக் கீழே இழுப்பது ஆகாது. அம்முனையை மேலேயே அறுத்து எடுத்துவிட்டு, மீதியைக் கீழ்வழியாக உருவ வேண்டும். முனை மெலிந்து, வயிற்றுப் பகுதியே பருத்திருந்தால் முழுவதையும் கீழ்நோக்கியே எடுத்துவிடலாம். மேலிருப்பவர் விட்டுக்கொடுக்க, கீழிருப்பவர் மெல்ல இழுக்க, திரையில் அந்த நிழல் வலது மேலறையைவிட்டு இறங்கி, கல்லீரலின் பின்புறம் கடந்து வருவதை மயக்க மருத்துவர் குரல் கொடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இழுவை ஓரிடத்தில் தடைப்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். கல்லீரலுக்குப் பின்னால் உள்ள சிரை கிழிந்தால் அங்கே கை எட்டுவது கடினம். அவ்விடத்து இரத்தப்போக்கு இந்த அறுவையின் பெரும் அபாயங்களுள் ஒன்று. ஆகவே தடைப்பட்ட இடத்தில் சிரையைத் திறந்து, ஒட்டியிருக்கும் இடத்தைக் கண்ணால் கண்டே விடுவிக்க வேண்டும். வெளியே வந்த கட்டியை மேசையின் துணிமேல் நீட்டி வைத்து, ஸ்கேனில் கண்ட கிளைகள் ஒவ்வொன்றும் அதில் இருக்கின்றனவா, எங்கேனும் அறுந்த முனை தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சிரையை மூடுவது நன்று.

நெஞ்சைத் திறக்காமலே முடியாதா என்று கேட்கலாம். முடியும், சிலரிடம் முடிந்திருக்கிறது. இதயத்துக்குள் நீண்ட பகுதி மெல்லியதாகவும், எங்கும் ஒட்டாமல் தாராளமாக அசைவதாகவும் இருந்தால், வயிற்றின் வழியாகவே பெருஞ்சிரையைத் திறந்து அதை உருவிவிட்டார்கள். இதயக் குழுவும் இயந்திரமும் பக்கத்தில் ஆயத்தமாக நின்றன, தேவைப்படவில்லை. அந்த ஆயத்தம் இல்லாத இடத்தில் இம்முயற்சியில் இறங்குவது கூடாது.

அடுத்து, மருத்துவர்கள் நெடுநாளாக வாதிட்டுவரும் கேள்வி: எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பதா, இரண்டு கட்டமாகச் செய்வதா? இரண்டு கட்டமாகச் செய்வோர் முதலில் இதயத்தைத் திறந்து அடைப்பை நீக்கி, நோயாளி தேறியபின், சில வாரங்கள் கழித்து வயிற்றைத் திறக்கிறார்கள். நீண்ட நேர அறுவையின் சுமையும் இரத்த இழப்பும் அதனால் குறைகின்றன. இதயம் தளர்ந்து, ஒரே நாளில் அத்தனையும் தாங்க இயலாத பெண்ணுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் சிரைக்குள் அறுந்து நிற்கும் முனை அங்கேயே இருக்கிறது. அது மீண்டும் வளரலாம், துண்டாகிப் பிரிந்து நுரையீரலுக்குப் போகலாம். அதைவிடக் கவலைக்குரியது, மூச்சுத் திணறல் தீர்ந்தவுடன் நோயே தீர்ந்துவிட்டது என்று எண்ணி அந்தப் பெண் இரண்டாம் அறுவைக்கு வராமலே இருந்துவிடலாம் என்பது. வீட்டில் பிள்ளைகளின் தேர்வு, கணவரின் வேலை, கையில் இல்லாத பணம் என்று தள்ளிப்போடக் காரணங்கள் எளிதில் கிடைக்கும். ஆகவே உடல் தாங்குமானால் ஒரே நாளில் வேரோடு அகற்றுவதே மேலானது என்பது இவ்வுரையின் துணிபு.

வேர் என்பதில் எவையெல்லாம் அடங்கும்? கருப்பை இருந்தால் கருப்பை; இடுப்புக்குழியில் பரவியுள்ள கட்டிகள்; கட்டி பயணம் செய்த சினைப்பைச் சிரையும் உள் இடுப்புச் சிரையின் கிளைகளும். சினைப்பைகளையும் அகற்ற வேண்டுமா என்பதுதான் மனத்தை வருத்தும் கேள்வி. அவற்றை எடுத்தால் நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் வரும், எலும்பு தேயும். எடுக்காவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டேயிருக்கும்; மீந்துபோன கட்டித் துணுக்குக்கு அதுவே உணவு. கட்டியின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் ஏற்கும் வாங்கிகள் இருப்பது நுண்ணோக்கி ஆய்வில் தெரிவதால், பெரும்பாலான மருத்துவர்கள் இரு சினைப்பைகளையும் அகற்றுவதையே பரிந்துரைக்கிறார்கள். அப்பரிந்துரை அறுவைக்கு முன்பே, அந்தப் பெண்ணிடமே, அவருக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைக்கப்பட்டு, அவருடைய ஒப்புதலோடு நடக்க வேண்டும். கையெழுத்துப் போடும் உறவினரிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செய்யத் தக்க செயல் அன்று அது.

முற்றிலும் அகற்றப்பட்டால் விளைவு நன்மையாகவே இருக்கிறது. மீதம் விடப்பட்டால் மீண்டும் வரக்கூடும். நூற்றுக்கு முப்பது வரையிலும் மீண்டும் வந்ததாக மருத்துவ இலக்கியம் குறிக்கிறது. மீதம் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகள், அதாவது மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் கட்டளையை அடக்கும் ஊசிகளும், ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரசோல் போன்ற மாத்திரைகளும் கொடுக்கப்படுகின்றன. அவை கட்டியின் வளர்ச்சியைத் தணிக்க உதவலாமே தவிர, அறுவைக்கு ஈடு ஆகமாட்டா. முதல் சில ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோவும் வயிற்று ஸ்கேனும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்த்துவருவது பொதுவான வழக்கம். பெண் வேறு ஊருக்குக் குடிபெயரலாம், வேறு மருத்துவரிடம் போகலாம். ஆகவே அவர் கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் கட்டி எந்தச் சிரை வழியே ஏறியது, எது அகற்றப்பட்டது, எது மிச்சம் இருக்கிறது என்பவை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி, இவையனைத்துக்கும் முந்திய கட்டம் ஒன்று உண்டு. அதுவே மகளிர் மருத்துவர்கள் இந்த அவையிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியது. சாதாரண ஃபைப்ராய்டு என்று எண்ணிக் கருப்பையை அகற்றும்போது, அதன் பக்கவாட்டில் உள்ள சிரைகள் பருத்து, அறுத்த முனையிலிருந்து வெண்மையான உறுதியான தசைத்திரள் எட்டிப் பார்க்குமானால், அந்த இடத்தில் அப்படியே முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு மேலே செல்லக் கூடாது. முடிச்சுக்கு அப்பால் எஞ்சியது எத்தனை தூரம் ஏறியிருக்கிறது என்பதை வயிற்றுக்குள்ளேயே தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு துணுக்கை உடனடிச் சோதனைக்கு அனுப்பி, அது புற்று அன்று என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அகற்றிய கருப்பையை வெட்டிப் பார்க்கும் நோய்க்கூறியல் மருத்துவரும் கட்டியை மட்டும் பார்க்காமல், அதைச் சூழ்ந்த சிரைகளின் உட்புழையையும் பார்த்து அறிக்கையில் எழுத வேண்டும். அறுவை மேசையிலேயே ஐயம் எழுந்தால், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, வயிற்றை மூடுவதற்கு முன், உணவுக்குழாய் வழி எக்கோ கருவியைச் செலுத்தி வலது மேலறையையும் பெருஞ்சிரையின் வாயிலையும் பார்த்துவிட முடியும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.